எத்தனையாவது நாள்?



நான் பதினேழு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். அதில் ஆறு ஆண்டுகள் செகண்ட் ஆபீசர். கப்பல் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும், என் தூக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். செகண்ட் ஆபீசருக்கு ‘பன்னிரண்டு நாலு’ வாட்ச். நள்ளிரவு 12 மணிக்குக் கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் ஏறினால் விடிகாலை 4 மணிக்கு இறங்கலாம். மறுபடி நண்பகல் 12 மணிக்கு ஏறி மாலை 4 மணிக்கு இறங்க வேண்டும். ஆகவே தூக்கம் இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். காலை நாலரைக்குப் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்திருப்பேன். இரவுச் சாப்பாட்டை முடித்து ஏழு மணிக்குப் படுப்பேன். பதினொன்றரைக்கு அறைத் தொலைபேசி அடிக்கும்.

ஒரு முறை ஏறினால் ஆறு மாதம் இப்படித்தான். களைப்புக்கு உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். பழகாத ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். எனக்கு ‘நேற்று’ என்ற சொல் கெட்டுப்போயிற்று.

ஒரு நாள் மாலை கேப்டன் என்னிடம், மழைக்காற்று எப்போது வந்தது என்று கேட்டார். “நேற்று சார்” என்றேன். அவர் லாக் புக்கைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அது அன்று அதிகாலை 3 மணிக்கு வந்த காற்று. நான்தான் வாட்சில் இருந்திருக்கிறேன், என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கும் அந்த மாலைக்கும் நடுவே நான் ஒரு முறை தூங்கி எழுந்து, பல் தேய்த்து, காப்பி குடித்துவிட்டேன். தூங்கி எழுந்தால் மறுநாள் என்றுதான் என் மனம் எண்ணியது. குழந்தையிலிருந்து அதற்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

இரண்டு துண்டுக்கே இந்தக் குழப்பம் என்றால், தூக்கத்தை ஆறு துண்டாக நறுக்கிக்கொள்பவர்களுக்கு எப்படி இருக்கும்? அப்படியும் சிலர் முயல்கிறார்கள். பாலிஃபேசிக் தூக்கம் என்று பெயர். தமிழில் துண்டுத் தூக்கம் என்று சொல்லிக்கொள்வோம். அதில் மிகக் கடுமையானது ‘ஊபர்மேன்’ எனப்படும் முறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் தூங்க வேண்டும். ஆறு குட்டித் தூக்கம், மொத்தம் இரண்டு மணி நேரம். அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஆறு மணி நேரத்துக்கு அரை மணி என்று தூங்கிப் பார்த்தார், 1943-இல் டைம் இதழ் அதை எழுதியது. கூட வேலை செய்தவர்களின் நேரத்தோடு ஒத்துவராததால் அவர் அதை விட்டார்.

நம் இலக்கணத்தில் ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். ஊபர்மேன் முறையில் தூங்குகிறவர் ஒவ்வொரு சிறுபொழுதுக்கும் ஒரு முறை தூங்கி எழுகிறார், அதுவும் ஒரு நாழிகைக்குக் கொஞ்சம் குறைவாக. இந்த ஒப்புமை தற்செயல்தான். ஆனாலும் அது எனக்குப் பின்னால் ஒரு வழி காட்டியது, அதற்கு வருகிறேன்.

முதலில் உடம்பின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் உயிரணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு மூளையில் இருக்கிறது. அதுதான் நம் உடற்கடிகாரம். வெளிச்சமோ ஓசையோ சொல்லாமலே அது ஏறக்குறைய 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் என்று ஹார்வர்டில் சார்ல்ஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999-இல் அளந்து சொன்னார்கள். தூக்கத்தை நறுக்கினால் இந்தக் கடிகாரமும் துண்டாகிவிடுமா? 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் மேரி கார்ஸ்கேடனும் வில்லியம் டிமென்ட்டும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மணி நேரம் விழிப்பு, அரை மணி நேரம் படுக்கை. தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ‘நாள்’. ஐந்து நாட்களுக்கு மேல் இப்படியே நடத்தினார்கள். படுக்கை வாய்ப்பு பகலும் இரவும் சமமாகத்தான் வந்தது, ஆனால் தூக்கம் சமமாக வரவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகியது, ஒரு முறை வற்றியது.

இஸ்ரேலில் பெரெட்ஸ் லாவி இன்னும் பொடியாக நறுக்கினார். பதின்மூன்று நிமிடம் விழிப்பு, ஏழு நிமிடம் தூக்கம். அதிலும் ஒரு நேரம் அகப்பட்டது. வழக்கமாகப் படுக்கும் வேளைக்கு முந்திய சில மணி நேரம், முன்னிரவில், எவ்வளவு களைத்தவருக்கும் தூக்கம் வர மறுக்கிறது. இதைப் படித்தபோது நான் கப்பலை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆண்டுகள் மாலை ஏழு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் ஓசையை எண்ணிக்கொண்டு, ஒன்பது மணி வரை புரண்டிருக்கிறேன். என் மனத்தின் பலவீனம் என்றல்லவா அதை நினைத்திருந்தேன்.

ஆக, உடற்கடிகாரம் உடைவதில்லை. அதனால்தான் ஊபர்மேன் போன்ற முறைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2021-இல் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய வல்லுநர் குழு இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இவற்றால் நன்மை என்பதற்குச் சான்றில்லை, தீங்குக்குத்தான் சான்று இருக்கிறது என்று சொல்லிவிட்டது. தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவர்களின் நிலை வேறு, அவர்களுக்கு வேறு வழியில்லை. 2001-இல் எலன் மெக்கார்தர் என்ற இளம்பெண் வாண்டே குளோப் போட்டியில் 94 நாட்களில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். அந்த 94 நாட்களில் 891 முறை தூங்கினார், ஒரு தூக்கத்துக்குச் சராசரி 36 நிமிடம். இந்தக் கணக்கை வைத்திருந்தவர் கிளாடியோ ஸ்டாம்பி என்ற மருத்துவர். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. எலன் தூக்கத்தைத் துண்டாக்கினாரே தவிர, இரண்டு மணி நேரத்தில் வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எத்தனை மணி ஆயிற்று, எத்தனை நாள் ஆயிற்று என்று நமக்குள் யார் எண்ணுகிறார்கள்?

1962 ஜூலை 16 அன்று மிஷல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்கராசோன் குகைக்குள் இறங்கினார். வயது 23. சுமார் 130 மீட்டர் ஆழத்தில் பனிக்கட்டிப் பாளத்தின் மேல் கூடாரம். கடிகாரம் இல்லை, வெயில் இல்லை. மேலே இருந்தவர்களோடு பேச ஒரு தொலைபேசி. தூங்கும்போதும் எழும்போதும் சாப்பிடும்போதும் இவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர்கள் கூப்பிடக்கூடாது, நேரமும் சொல்லக்கூடாது. வினாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய எண்ணிக்கை ஐந்து நிமிடம் ஆயிற்று. செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, தன் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20 என்றார்.

நான் வியப்பது அந்த இருபத்தைந்து நாள் பிழையை மட்டும் அல்ல. மேலே இருந்தவர்களின் குறிப்பேட்டில் அவர் உடம்பின் ‘நாள்’ இருபத்து நாலரை மணி நேரம் என்றே பதிவாகியிருந்தது. அப்படியானால் ஐம்பத்தெட்டு முறைக்குக் குறையாமல் அவர் முழுத் தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். அவருடைய சொந்தக் கணக்கிலோ முப்பத்தைந்து நாள்தான் போயிருக்கிறது. அத்தனை இரவுகளை அவர் இரவு என்றே எண்ணவில்லை. உடம்பு ஒழுங்காகத் தன் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்க, அந்தச் சேதி மனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நான் ஒரு நாளை இரண்டாக எண்ணினேன், அவர் இரண்டை ஒன்றாக எண்ணினார். ஆனால் கோளாறு ஒரே இடத்தில்தான். நாளுக்கு விளிம்பு கட்டுவது தூக்கம் என்று நம்பியிருக்கிறோம். எந்தத் தூக்கம் விளிம்பு, எது இடையில் போட்ட கண்ணயர்வு என்பதைத் தூக்கம் நமக்குச் சொல்வதில்லை. சன்னல் வெளிச்சம் சொல்கிறது, பால்காரர் மணி சொல்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைகள் சொல்கிறார்கள். பீட்ரிஸ் ஃபிளாமினி என்ற ஸ்பானியப் பெண்மணி கிரனாடா அருகே ஒரு குகையில் 500 நாள் இருந்துவிட்டு 2023 ஏப்ரலில் வெளியே வந்தார். நூற்று அறுபது, நூற்று எழுபது நாள் ஆகியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். அறுபத்தைந்தாவது நாள் வாக்கில் எண்ணுவதையே நிறுத்திவிட்டாராம்.

சரி, நாள் வேண்டாம், மணி? இதில்தான் நம் மதுரை வருகிறது. எம். கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் ஜெர்மனியில் பணியாற்றித் திரும்பி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வேரூன்றச் செய்தார். மதுரைப் பக்கத்துக் குகைகளில் வாழும் வௌவால்களை அவரும் சக ஆய்வாளர் மாரிமுத்துவும் ஆராய்ந்தார்கள். சூரியன் எட்டாத குகையில் ஒரு வௌவாலைத் தனியே அடைத்துவைத்தால் அதன் நாள் மெல்ல மெல்லப் பிசகிப்போகும். அதே குகையில் மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து போய் விடியலில் திரும்பிவந்தால், அடைபட்ட வௌவாலும் சரியான நேரத்தில் இருக்கும். வெளிச்சத்தை அது பார்க்கவில்லை, பார்த்துவிட்டு வந்தவர்களோடு இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் மனிதர்களையும் ஆராய்ந்தார்கள். வெளிச்சமும் ஓசையும் புகாத தனியிடம் ஒன்றைக் கட்டி, விரும்பி வந்தவர்களை நாட்கணக்கில் அதற்குள் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று என்று தோன்றும்போதெல்லாம் அவர்கள் தெரிவிக்க வேண்டும். 1991-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு என்னவென்றால், ஒருவர் எவ்வளவு நீண்ட நேரம் விழித்திருந்தாரோ அந்த அளவுக்கு அவருடைய ‘இரண்டு மணி நேரமும்’ நீண்டிருந்தது. பவேரியாவில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் நிலவறை ஆய்வு நடத்திய யூர்கன் ஆஷோஃப் என்பவரும் ஒரு மணி நேர மதிப்பீட்டில் இதையே கண்டார். சாப்பாட்டிலும் அப்படித்தான். விழிப்பு முப்பது மணி நேரமாக நீண்டுபோனவர்களும் மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள், இடைவெளிதான் நீண்டது. காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு பகல் பொழுதே போயிருக்கும், அவர்களுக்கு அது தெரியாது.

இதை எண்ணி எண்ணி நான் என் வாட்சுகளைப் புரிந்துகொண்டேன். ‘ஒரு மணி நேரம்’ என்று நாம் உணர்வது ஒரு முழம் மாதிரி. அளக்கிற கை யாருடையதோ அந்த நீளம். ஆனால் நிமிடங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று ஆஷோஃப் சொன்னார். பத்து வினாடி, இரண்டு நிமிடம் போன்ற சிறு இடைவெளிகளின் மதிப்பீடு விழிப்பின் நீளத்தோடு சேர்ந்து நீளவில்லை. நமக்குள் ஒரே கடிகாரம் இருந்திருந்தால் இது நேராது. குறைந்தது மூன்று கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. நொடிக் கணக்கு ஒன்று. மணிக் கணக்கு ஒன்று, அது விழிப்போடு நீண்டு சுருங்குவது. இன்ன வேளை என்று அறியும் உடற்கடிகாரம் ஒன்று. இந்த மூன்றில் எதுவும் இன்று எத்தனையாவது நாள் என்று சொல்லாது. அதற்கென்று உடம்புக்குள் ஓர் உறுப்பு இருப்பதாக நான் இதுவரை படித்ததில்லை.

அப்படியானால் கடலில் போனவர்கள் என்ன செய்தார்கள்? எழுதினார்கள். கடலோடி மகெல்லனோடு 1519-இல் கிளம்பிய அந்தோனியோ பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் மூன்றாண்டுகள் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். அரை மணி நேர மணற்கடிகையைச் சிறுவர்கள் திருப்பித் திருப்பி வைக்க, மாலுமிகள் முறை வைத்து விழித்து முறை வைத்துத் தூங்கிய காலம் அது. 1522 ஜூலை 9 அன்று, நாடு திரும்பிக்கொண்டிருந்த விக்டோரியா கப்பல் கேப் வெர்டி தீவில் நின்றது. கரைக்குப் போன ஆட்கள் இன்று என்ன கிழமை என்று கேட்டுவந்தார்கள். வியாழன் என்றது கரை. பிகாஃபெட்டாவின் குறிப்பில் புதன். நோயில் படுக்கவில்லை, ஒரு நாளும் விட்டதில்லை, எப்படிப் பிசகும் என்று திகைத்துப்போனார். அவர் எதையும் விடவில்லைதான். சூரியன் போகிற திசையிலேயே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்ததில், கரையில் இருந்தவர்களைவிட ஒரு விடியல் குறைவாகக் கண்டிருந்தார். இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பயணத்தில் நேர்ந்த அத்தனை சாவுகளுக்கு நடுவே விடாமல் எழுதிவந்த ஒரே ஒழுங்கு அது, அதையும் கரையில் யாரோ ஒருவர் ஒரு சொல்லில் பொய்யாக்கிவிட்டார்.

எனக்கும் ஒரு கிழமை தொலைந்திருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் பயணம். தேதிக் கோட்டைத் தாண்டியபோது சனி இரவுக்கு அடுத்து திங்கள் வந்தது. கப்பலில் ஞாயிறு என்றால் பிரியாணி. எங்கள் பண்டாரி, அதாவது சமையல்காரர், வேம்பாற்றுக்காரர். திங்கள் மதியம் பிரியாணி வாசனை பிரிட்ஜ் வரை ஏறிவந்தது. ஏன் அண்ணாச்சி என்று கேட்டதற்கு, “நீங்க சார்ட்டுல இருந்து ஞாயித்துக்கெழமைய எடுத்திட்டீக சார். இவனுவ மனசுல இருந்து எடுக்க முடியுமா?” என்றார். அவர் சொன்னதே சரி. அந்த அரை மணிச் சாப்பாட்டு வேளையில்தான் மூன்று வாட்சுக்காரர்களும் ஒரே மேசையைச் சுற்றி வந்துபோவோம். வாரம் என்ற ஒன்று எங்களுக்கு அந்த மேசையில்தான் இருந்தது.

நான் கைக்கொண்ட வழியைச் சொல்கிறேன், முறைப்பணியில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும். நாளின் விளிம்பைத் தூக்கத்திலிருந்து எடுத்து நண்பகலில் வைத்தேன். இது மாலுமிகளின் பழைய வழக்கம்தான். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் 1805 வரை நண்பகலிலிருந்து நண்பகல் வரையே ஒரு நாள் என்று எழுதின. வானியலாளர்கள் 1925 வரை அப்படித்தான் எண்ணினார்கள். நம் பஞ்சாங்கம் சூரிய உதயத்தில் நாளைத் தொடங்குகிறது. விளிம்பை எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது, நாம் விழித்திருக்கும் இடத்தில் வைத்தால் போதும். பிறகு தூக்கங்களுக்குச் சிறுபொழுதுகளின் பெயரை வைத்தேன். நாலரை மணிக்குப் படுப்பது வைகறைத் தூக்கம், ஏழு மணிக்குப் படுப்பது மாலைத் தூக்கம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டபோது கலந்துபோனவை பெயர் வைத்தபின் கலக்கவில்லை. எழுந்ததும் பையில் இருக்கும் சிறு நோட்டில் பெயரையும் தேதியையும், கண்ணில் பட்ட ஒன்றையும் எழுதுவேன். ‘வைகறை. எழும்போது கடல் பச்சை.’ ‘மாலை. பம்ப்மேன் இருமல் நிற்கவில்லை.’ இவ்வளவுதான். ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு முகம் கிடைத்தது. கேப்டனிடம் ‘நேற்று’ என்று தவறாகச் சொல்வது மெல்லக் குறைந்தது.

விருப்பப்பட்டு அல்லாமல் துண்டுத் தூக்கத்தில் தள்ளப்படுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள். பிறந்த குழந்தைக்கு உடற்கடிகாரம் ஓட்டம் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அது அழும், தாய் எழுவாள்.

என் தங்கைக்குப் பிரசவம் ஆனபோது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். கதவை ஒருக்களித்து, சன்னலுக்குத் துணி கட்டிய அறை. குகைதான். “அண்ணே, புள்ள பொறந்து இன்னைக்கு எத்தனாவது நாளு?” என்று கேட்பாள். பதில் சொல்லிவிட்டு வருவேன். மதியம் மறுபடி கேட்பாள், விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி. காலையில் கேட்டது அவளுக்கு முந்தாநாள் போலிருக்கும். கண்களில் பயம் தெரிந்தது. தனக்குப் புத்தி பிசகுகிறதா என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். என் நேற்றுக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

என் நோட்டைப் போல அவளுக்கும் ஒன்று வாங்கித் தரலாம் என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது அம்மா கருப்பட்டிக் காப்பியோடு அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தார். மற்றொரு கையில் தினசரிக் காலண்டரின் ஒரு தாள். இனிமேல் தினமும் காலையில் கிழிக்கிற தாளை அவள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தங்கை வாங்கிப் பார்த்தாள். தேதிக்குக் கீழே அம்மா பேனாவால் பெரிதாக எழுதியிருந்தார்: 12. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பிள்ளைப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.